பேர் பெரிசு, சுமை எண் சிறிசு: யாழ்ப்பாண வான் ஒன்றின் பின்சில்லு ரயர் பிரிந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 ஆடி மாதக் கடைசி. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கும் நாட்கள். கட்டுநாயக்கவில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பிய ஹயஸ் வானின் இடது பின்சில்லு ரயர், ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் பிரிந்தது. காற்றுப் போனதல்ல. தரையில் உருளும் வெளிப்பட்டை, உள்ளிருக்கும் உருக்குக் கம்பிப் பின்னலோடு சேர்ந்து உரிந்து, மட்காட்டைக் கிழித்துக்கொண்டு வீதியில் விழுந்தது. உள்ளே எட்டுப் பயணிகள். பின்னால் கூரை மட்டும் பெட்டிகள். சாரதி பிறேக்கை அமுக்காமல் ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்து, வான் தானாக வேகம் குறையும்வரை விட்டார். ஒருவருக்கும் காயமில்லை. சாரதியின் நிதானம் இல்லாவிட்டால் எழுதவேண்டியது வேறு விதமான அறிக்கையாக இருந்திருக்கும்.

இதே வான் பாடசாலை நாட்களில் காலையும் மதியமும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறது. அதனால்தான் உரிமையாளர்கள் சங்கம் இதை இரண்டு பேருக்கு இடையிலான கடைச் சண்டையாக விடவில்லை. மோட்டார் தொழில்நுட்பம் கற்பிப்பவன் என்பதால் ரயரைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

வான் உரிமையாளர் மூன்றாம் தலைமுறையாக வாகனம் ஓடும் குடும்பம். அவருடைய பேரன் (தாத்தா) ஒஸ்ரின் ஏ-40 காரை வாடகைக்கு ஓடியவர். அந்தக் காருக்குப் பூட்டிய ஒரு சீமை ரயரின் பெயர் அந்த வீட்டில் இன்னமும் சாமி பெயர் மாதிரிச் சொல்லப்படுகிறது. 2023 நடுப்பகுதியில் நாலு ரயரும் மாற்ற வேண்டி வந்தபோது, பழக்கமான கடையில் அதே பெயர் பொறித்த ரயர்கள் இருந்தன. விலையும் தோதாக இருந்தது. வேறு ஒன்றும் பார்க்காமல் வாங்கினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயரில் குற்றம் இல்லை என்பதுதான் கண்டறிந்த விஷயமே.

முறைப்பாடு

சங்கத்துக்கு வந்த முறைப்பாடு ஒரே சொல்தான்: போலி.

உரிமையாளரின் வாதம் எளிமையானது. ரயரின் பக்கச் சுவரில் ஓர் ஆசிய நாட்டில் செய்ததென்று இருந்தது. லண்டனில் இருக்கும் மருமகன், அதே பெயருள்ள தன் கார் ரயரைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்; அது ஐரோப்பாவில் செய்தது. வட்டத்துக்குள் ‘இ4’ என்று வேறு ஒரு குறி இருந்ததால் சந்தேகம் இன்னும் கூடியது. “சீமைச் சாமான் எண்டுதானே தம்பி தந்தனீ? இதிலை எங்கை சீமை கிடக்கு?” என்று கேட்டார். கடைக்காரர் அழாக்குறையாக நின்றார். “அண்ணை, நான் பெட்டி உடைக்கேல்லை, கொழும்பிலை இருந்து வந்த மாதிரியேதான் தந்தது” என்பதற்குமேல் அவரிடமும் பதில் இல்லை. அவரும் அதே பெயரை நம்பித்தான் வாங்கி அடுக்கியிருந்தார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவோம், பொலிசுக்குப் போவோம் என்று இரண்டு பக்கமும் சூடேறியிருந்தது. ரயரைப் பார்த்து முடிக்கும்வரை எழுத்தில் ஒன்றும் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சங்கம் சம்மதித்தது.

பரிசோதனையில் கண்டவை

பிரிந்த ரயரும் எஞ்சிய மூன்றும் கழற்றி வைக்கப்பட்டன. வெளிப்பட்டையின் தேய்மானம் அதிகமில்லை. பள்ளங்களில் உள்ள தேய்மான மேடுகளுக்குமேல் நல்ல ஆழம் மிச்சம் இருந்தது. கண்ணால் பார்ப்பவர் நல்ல ரயர் என்றே சொல்வார். ஆனால் பள்ளங்களின் அடியில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடியிருந்தன. பக்கச் சுவரை விரலால் மடித்தபோதும் அதே வெடிப்பு. ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகியிருந்தது.

பக்கச் சுவரில் ‘டொட்’ (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கம் 3118. அதாவது 2018ஆம் ஆண்டின் 31ஆம் கிழமை செய்தது. விற்கும்போதே வயது ஐந்து. கடைக்காரரை விசாரித்தபோது வந்த கதை இது: 2020இல் டொலர்த் தட்டுப்பாட்டால் ரயர் இறக்குமதியை அரசு நிறுத்தியபோது, கொழும்பில் ஒருவர் பதுக்கி வைத்திருந்த சரக்கு. கட்டுப்பாடு தளரத் தொடங்கியதும் விலை விழுமுன் தள்ளிவிட்டிருக்கிறார். இங்கே வந்தும் தகரக் கொட்டிலுக்குக் கீழ், வெயில் படும் பக்கமாக அடுக்கி இருந்தது.

அடுத்தது அளவு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்த வானுக்குரியது 195 ஆர் 15 சி, சுமை எண் (ரயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் குறி) 106/104; ஒற்றைச் சில்லுக்கு முதல் எண், இரட்டைச் சில்லுக்கு மற்றது. கடைசியில் வரும் ‘சி’ என்ற எழுத்து, பாரம் ஏற்றும் வாகனத்துக்கு உரிய பலமான கட்டமைப்பைக் குறிப்பது. பூட்டியிருந்ததோ 195/80 ஆர் 15, சுமை எண் 96. சிறிய ஜீப் வகைகளுக்கு வரும் ரயர். இரண்டுக்கும் அகலம் ஒன்று, ரிம் ஒன்று, உயரமும் ஏறக்குறைய ஒன்று. சுலபமாக ஏறி உட்காரும், வித்தியாசம் தெரியாது. ஆனால் 106 என்றால் ஒரு ரயர் 950 கிலோ தாங்கும். 96 என்றால் 710 கிலோ. பின்னால் இரண்டு ரயருக்கும் கூட்டிப் பார்த்தால் 1,900 எங்கே, 1,420 எங்கே.

அன்றைக்கு ஏறிய அளவு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி, பின்சில்லுகளை மட்டும் ஓர் அரிசி ஆலையின் லொறித் தராசில் வைத்துப் பார்த்தோம். 1,500 கிலோவைத் தாண்டியது. உரிய ரயருக்கு இது ஒரு பாரமே இல்லை. பூட்டியிருந்த ரயருக்கோ எல்லைக்கு வெளியே.

எஞ்சிய பின்சில்லில் காற்று 30 இறாத்தல்தான் இருந்தது. ரயரின் வயது, குறைந்த காற்று, கூடிய பாரம், நண்பகல் வெயில், நிற்காத நெடுந்தூர ஓட்டம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. ரயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரியும்போது சூடு பிறக்கிறது. கம்பிப் பின்னலின் ஓரத்தில் அந்தச் சூடு தங்கி, ரப்பருக்கும் கம்பிக்கும் உள்ள பிடியை விடுவிக்கிறது. பிரிந்த துண்டில் கம்பி ஓரங்கள் வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. பிரிவு அன்றைக்குத் தொடங்கியதல்ல என்று அதிலிருந்தே தெரிந்தது.

போலியா என்ற கேள்வி

மேலே சொன்னதை எழுதிக் கொடுத்தாலே போதும் என்று சிலர் சொன்னார்கள். போதாது என்று எனக்குப் பட்டது. ‘போலி’ என்ற நினைப்பு மனதில் இருக்கும்வரை, “அசலாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும்” என்று உரிமையாளர் நம்புவார். அடுத்த முறை ‘அசல்’ பெயரைத் தேடித் திரும்பவும் 96ஐயே பூட்டுவார். அதனால் சங்கக் கூட்டத்தில் ரயர் கம்பனிகளின் வரலாற்றை விரித்துச் சொன்னேன். இந்த ஆய்வில் வரலாறு அலங்காரமல்ல. தீர்ப்பே அதில்தான் தங்கியிருந்தது.

ரயர்த் தொழிலில் பெயர் வேறு, செய்தவர் வேறு என்பது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். 1860இல் கடனாளியாக இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய கம்பனி 38 வருடம் கழித்து, 1898இல், ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரில் வேறொருவரால் தொடங்கப்பட்டது. குட்இயரின் குடும்பத்துக்கும் அந்தக் கம்பனிக்கும் சம்பந்தமில்லை. காற்றடைத்த ரயருக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் ரொபேர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1845இல். அது மறக்கப்பட்டுவிட்டது. 1887-88இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதைத் திரும்பக் கண்டுபிடித்தார். 1889இல் டப்ளினில் கம்பனி வந்தது. தொம்சனின் பழைய உரிமை வெளிவர, டன்லொப்பின் காப்புரிமை செல்லாது என்றாயிற்று. ஆனாலும் உலகம் ஞாபகம் வைத்தது டன்லொப்பைத்தான்.

பிறகு நடந்தது கைமாற்றம். டன்லொப் 1909இலேயே ஜப்பானின் கோபே நகரில் தொழிற்சாலை வைத்திருந்தது. 1980களின் நடுவில் பிரித்தானிய டன்லொப் நொடித்தபோது, அதன் ஐரோப்பிய ரயர்த் தொழிலை ஜப்பானின் சுமிட்டோமோ வாங்கியது. 1999இல் குட்இயரோடு கூட்டு; 2015இல் அந்தக் கூட்டு முறிந்து, நாட்டுக்கு நாடு பெயரின் உரிமை பிரிந்தது. இந்தியாவில் அதே பெயர் தனிக் கம்பனியாக வேறு வழியில் போனது. எங்கள் கூட்டம் முடிந்த பின், 2025இல், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குட்இயர் கையில் இருந்த உரிமையை சுமிட்டோமோ திரும்ப வாங்கியது. அமெரிக்கப் பெயரான பயர்ஸ்டோன் 1988 முதல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம். யுனிரோயல் என்ற பெயர் ஐரோப்பாவில் ஜேர்மனியின் கொன்டினென்டலுடையது. அமெரிக்காவில் பிரான்சின் மிஷெலினுடையது. ஒரே பெயர், ஒரே நேரத்தில், இரண்டு எதிரிக் கம்பனிகள்.

கூட்டத்தில் இருந்த வயதான லொறி உரிமையாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்கடை வளவுகள் மாதிரித்தான். வித்து மூண்டு கை மாறியிருக்கும், சனம் இன்னும் பழைய ஆளின்ரை பேரிலைதான் சொல்லும்.” நான் விளக்கியதைவிட அது நன்றாகப் பிடிபட்டது.

ஆகவே ஆசிய நாட்டில் செய்தது என்பது போலிக்குச் சாட்சி அல்ல. ‘இ4’ என்பதும் செய்த நாடு அல்ல. ஐரோப்பிய விதிப்படி அந்த ரயருக்கு ஒப்புதல் கொடுத்த நாடு, இங்கே நெதர்லாந்து. செய்த இடத்தைச் சொல்வது ‘டொட்’ எழுத்துக்களுக்கு அடுத்து வரும் தொழிற்சாலைக் குறியீடு. அதை நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பெயருக்கு உரிமையுள்ள கம்பனியின் தொழிற்சாலையுடன் பொருந்தியது. ரயர் அசல். இந்தக் குறியீடு எவ்வளவு பெறுமதி என்பதற்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை நினைவூட்டினேன். வெளிப்பட்டை பிரியும் குறையால் பயர்ஸ்டோன் அறுபத்தைந்து இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற்றது. அப்போது இலினோய் மாநிலத்து டெக்காற்றூர் தொழிற்சாலையில் செய்தவற்றில்தான் பிரச்சினை கூடுதல் என்று கண்டுகொள்ள உதவியது பக்கச் சுவரிலிருந்த எழுத்துக்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பேரனின் ஏ-40 காரில் ஓடியது பருத்தி அல்லது நைலோன் நூல் குறுக்குமறுக்காக வைத்த, ரியூப் போட்ட, ஒடுங்கிய ரயர். மிஷெலின் 1946இல் காப்புரிமை எடுத்த ரேடியல் முறையில் (நூல்கள் குறுக்குமறுக்காக இல்லாமல் ஓரத்துக்கு ஓரம் நேராக ஓடும் முறை) கட்டமைப்பே வேறு; உருக்குக் கம்பிப் பட்டி உள்ளே வந்தது. பழைய ரயரின் பலத்தைப் பட்டறிந்த அனுபவம் புதியதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெயர் ஒன்றாக இருந்தாலும்தான்.

‘உள்ளூர்ச் சாமான்’ என்ற இளக்காரம்

அளவும் சுமை எண்ணும் சரியான ரயர் அப்போதே அதே கடையில் இருந்திருக்கிறது. இலங்கையில் செய்தது என்பதற்காக உரிமையாளர் தொட்டும் பார்க்கவில்லை. இந்த இளக்காரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரசு ரயர்த் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. 1970களின் இறக்குமதித் தடைக் காலத்தில் கூட்டுத்தாபன ரயரைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்த தலைமுறையின் அலுப்பு, பிள்ளைகளின் வாயிலும் தொடர்கிறது. இன்று அதே களனியில் இந்தியாவின் சியட் கூட்டுச் சேர்ந்து ரயர் செய்கிறது. சியட்டே 1924இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்து இந்தியாவுக்குக் கைமாறிய பெயர். 2025இல் மிடிகமவிலும் கொட்டுகொடையிலும் மிஷெலினிடம் இருந்த தொழிற்சாலைகளையும் அது வாங்கியிருக்கிறது.

ரப்பரும் எங்களுக்குப் புதிதல்ல. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த வருடமே கன்றுகளாக வந்து இறங்கியது கம்பஹாவின் எனரத்கொடையில். பேரன் மெச்சிய சீமை ரயருக்குள் தெற்கில் வெட்டிய பால் இருந்திருக்கவும் கூடும்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் ரயர்கூட அரிதாக இருந்தது. வெடித்த இடத்துக்கு உள்ளே பழைய ரயர்த் துண்டை வைத்து, ஊசியால் தைத்து ஓடிய கைகள் இவை. அந்தச் சிக்கனம் எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ‘தேயும்வரை ஓடலாம்’ என்ற கணக்கு, பாரத்தோடு மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் வானுக்கு ஒத்துவராது. இந்த ரயர் தேயாமலே முடிந்தது.

எடுத்த தீர்மானங்களும் காரணங்களும்

முதலாவது, போலி என்ற முறைப்பாட்டைக் கைவிடுவது. அப்படி எழுதியிருந்தால் அசல் என்று நிரூபணமாகி, கடைக்காரரின் உண்மையான பிழையும் சேர்ந்து தள்ளுபடியாகியிருக்கும்.

இரண்டாவது, கடைக்காரரின் பொறுப்பை எழுத்தில் குறிப்பது: வான் என்று தெரிந்தும் 96 கொடுத்தது, செய்த திகதியைச் சொல்லாதது. உரிமையாளரின் பங்கையும் அதே தாளில் எழுதினோம்: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்க்காதது, காற்றைக் கவனிக்காதது. இதற்கு அவர் எளிதில் இணங்கவில்லை. தராசுச் சீட்டையும் 1,420 என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

எஞ்சிய மூன்று ரயரையும் கடைக்காரர் திரும்ப எடுத்து, 195 ஆர் 15 சி ரயர் நாலைத் தனக்கு விழுந்த விலைக்கே கொடுப்பது. மட்காட் திருத்தச் செலவு உரிமையாளருடையது. திரும்ப எடுத்த மூன்றையும் வேறு ஒருவருக்கும் விற்காமல் சங்கத்தின் முன்னிலையில் வெட்டிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கடைக்காரருக்கு அது நட்டம்தான். “வெட்டாமல் விட்டால் இன்னொரு வானிலைதானே ஏறும்” என்று அவரே கடைசியில் அரிவாளை எடுத்துத் தந்தார்.

பின்னர் நடந்தவை

புதிதாகப் பூட்டியவை உள்ளூரில் செய்த ரயர்கள். செய்து சில மாதங்களே ஆனவை. காற்று, கதவுத் தூணில் உள்ள ஒட்டியின்படி அடிக்கப்பட்டது. முன்பு கடையில் எல்லா வாகனத்துக்கும் ஒரே அளவுதான். கொழும்பு ஓட்டம் முடிந்ததும் சாரதி சில்லைத் தொட்டுப் பார்த்து, முன்பு இருந்த கொதி இப்போது இல்லை என்றார்.

சங்கத்திலுள்ள மற்ற பாடசாலை வான்களையும் ஒரு சனிக்கிழமை வரிசையாக நிறுத்திப் பார்த்தோம். இன்னும் சிலவற்றில் கார் ரயர் பூட்டியிருந்தது. ஒன்றில் முன்சில்லு ஒரு வகை, பின்சில்லு வேறு வகை. பெரும்பாலானோர் சில கிழமைகளுக்குள் மாற்றினார்கள். ஒருவர் மட்டும், தன் வான் யாழ்ப்பாணத்தைத் தாண்டுவதில்லை, மெதுவாகத்தான் ஓடுகிறது என்று மறுத்தார். பிள்ளைகளை இருக்கைக்கு மேலதிகமாக ஏற்றுபவரும் அவர்தான். பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்வதா என்று சங்கத்தில் வாக்குவாதம் வந்தது. சொல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தீர்மானம் அப்படியே நிறைவேறியது. இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு வானுக்கு மாற்றிய பிறகு அவரும் ரயரை மாற்றினார்.

கடைக்காரர் இப்போது பில்லில் அளவு, சுமை எண், செய்த கிழமை மூன்றையும் எழுதுகிறார். இறக்குமதிக்காரரிடம் சரக்கு எடுக்கும்போது திகதியை முதலில் கேட்கிறார்.

மாற்ற வேண்டியவை

பரிசோதனையில் ஒரு குறை இருந்தது. பிரிந்த வெளிப்பட்டையின் பெரும்பகுதி வீதியிலேயே விடப்பட்டது. எனக்குக் கிடைத்தது இரண்டு முழ நீளத் துண்டு மட்டும். சம்பவ நேரத்து அமுக்கத்தையும் எவரும் அறிய வழியில்லை. ரயர் பிரிந்தால் துண்டுகளைப் பொறுக்கி வானில் போட்டு வரவும், மற்ற மூன்று சில்லுகளின் காற்றை அங்கேயே அளந்து எழுதவும் சாரதிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு வானிலும் காற்று அளக்கும் கருவி ஒன்று வைக்க வேண்டும் என்பதும் முடிவாயிற்று.

வருடாந்தப் பரிசோதனையில் தேய்மானத்தைப் பார்க்கிறார்கள். சுமை எண்ணையும் செய்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி பிள்ளைகள் ஏறும் வாகனங்களுக்காவது கேட்டு, சங்கம் கடிதம் எழுதியிருக்கிறது. பதில் வரும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களே பார்க்கிறோம்.